கிரயத் தொகைக்கு மேலே வரும் கணக்கு

திண்டுக்கல்லைச் சுற்றி இடம் பார்க்கிறவர்களிடம் முதலில் வருவது இரண்டு கேள்விகள்: சென்ட் என்ன விலை, மெயின் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம். பழனி ரோடு, நத்தம் ரோடு, தாடிக்கொம்பு, சீலப்பாடி, செட்டிநாயக்கன்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது. விலை படிந்ததும் அட்வான்ஸ் கைமாறுகிறது. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், தரகு, பத்திரம் எழுதும் கூலி, வக்கீலின் சட்டக் கருத்துரை, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், உட்பிரிவு அளவைக் கட்டணம், வரி ரசீதுக்கும் மின் இணைப்புக்கும் பெயர் மாற்றம் ஆகியவை அதன் பிறகு ஒவ்வொன்றாக, வெவ்வேறு வாய்களிலிருந்து வருகின்றன. இவற்றை மக்கள் மொத்தமாகப் ‘பத்திரச் செலவு’ என்கிறார்கள். வீட்டு விலையைப் பற்றி எத்தனையோ விவாதம் நடக்கிறது. இந்தச் செலவைப் பற்றி அந்த அளவுக்கு நடப்பதில்லை. இது யார் மீது எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகத் தெரிகிறது. தமிழ்நாட்டின் பத்திரச் செலவு முறை, திண்டுக்கல் போன்ற நடுத்தர ஊர்களில் மனையோ தனி வீடோ வாங்கும் சிறு வருமானக்காரர் மீது, வேறு எவரைவிடவும் கனமாக இறங்குகிறது. அதற்கு வரி விகிதம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

முதலில் சட்டம் கேட்பதைப் பார்ப்போம். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்தின் கிரயப் பத்திரம் கட்டாயம் பதிவாக வேண்டும். 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டப்படி அதற்குத் தீர்வை செலுத்த வேண்டும். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயத்துக்கான மொத்தச் சுமை 9 சதவீதம். இதில் 5 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் உள்ளாட்சி அமைப்புக்குப் போகும் மாற்று வரி, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். மூன்றும் ஒரே நாளில் ஒரே அலுவலகத்தில் வசூலானாலும் இயல்பில் வேறானவை. முத்திரைத் தீர்வை மாநில அரசின் வரி. மாற்று வரி, அந்தச் சொத்து இருக்கும் மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ உரியது. பதிவுக் கட்டணமோ பெயரளவில் ஒரு சேவைக்கான கூலி. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் எதைக் குறைக்கக் கேட்பது நியாயம், எதைக் கேட்பது நியாயமில்லை என்று பிரித்துப் பார்க்க முடியும்.

இந்த 9 சதவீதம் எந்தத் தொகையின் மீது என்பது அடுத்த கேள்வி. பேசிய விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதன் மீது. வழிகாட்டி மதிப்பு நகரங்களில் தெருவாரியாகவும் கிராமங்களில் சர்வே எண்வாரியாகவும் நிர்ணயிக்கப்படுகிறது. 2014இல் மாநகராட்சியான திண்டுக்கல்லின் எல்லை, பல இடங்களில் பார்வைக்குத் தெரியாத கோடு. ஒரே சாலையில் ஒரு பக்கம் மாநகராட்சித் தெரு, சற்றுத் தள்ளி ஊராட்சியின் சர்வே எண். வீடுகள் தொடர்ச்சியாக இருக்கும். மதிப்பு மட்டும் மாறிவிடும். வழிகாட்டி மதிப்பு வெறும் வழிகாட்டிதான், அதுவே இறுதியான சந்தை மதிப்பு ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. மதிப்பு மிகையாக இருப்பதாக நினைப்பவர், முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவின் கீழ் தனித் துணை ஆட்சியரிடம் விசாரணைக்குப் போகலாம். ஆனால் அந்த விசாரணை முடியும்வரை பத்திரம் கைக்கு வராமல் நிலுவையில் கிடக்கும். பத்திரம் இல்லாமல் வங்கி பணம் விடாது. ஆகவே கடன் வாங்கி வீடு வாங்குகிறவருக்கு இந்த உரிமை ஏட்டில் மட்டுமே இருக்கிறது.

விகிதமும் வழிகாட்டி மதிப்பும் சேர்ந்து எப்படி நகர்ந்தன என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அரசு அறிவிக்கும் சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோகும் இடம் இதுதான். 2012 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்புகள் திருத்தப்பட்டபோது மாற்று வரி உட்பட முத்திரைத் தீர்வை 8 சதவீதத்திலிருந்து 7 ஆகக் குறைந்தது. பதிவுக் கட்டணம் 1 சதவீதம். ஆக மொத்தம் 8. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது. அதே மூச்சில் பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 ஆக உயர்ந்தது, மொத்தம் 11. 2023 ஏப்ரலில் மதிப்பு பழையபடி 2017 ஜூனுக்கு முந்தைய நிலைக்கே ஏற்றப்பட்டது, பதிவுக் கட்டணம் 2 ஆக இறங்கியது, மொத்தம் 9. இப்போது, 2017க்கு முன் வழிகாட்டி மதிப்பு 100 ரூபாயாக இருந்த ஒரு சொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அதற்குச் செலுத்த வேண்டியது 8 ரூபாய். 2017 ஜூனுக்குப் பின் 67 ரூபாய்க்கு 11 சதவீதம், அதாவது 7 ரூபாய் 37 காசு. 2023 ஏப்ரலுக்குப் பின் 100 ரூபாய்க்கு 9 சதவீதம், 9 ரூபாய். கட்டணம் பாதியாகக் குறைந்தது என்ற செய்தி உண்மை. வழிகாட்டி மதிப்பில் பதிவு செய்தவர் அதற்கு முந்தைய இரு காலத்தையும்விட அதிகம் கட்டினார் என்பதும் உண்மை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கைமாறிய தொகையை அப்படியே பத்திரத்தில் காட்டி நேர்மையாகப் பதிந்தவருக்கு வழிகாட்டி மதிப்பின் ஏற்ற இறக்கத்தால் ஆதாயமில்லை. அவருக்கு 2017இல் சுமை 8 சதவீதத்திலிருந்து 11 ஆகக் கூடியது, 2023இல் 9 ஆகக் குறைந்தது. அதாவது 2017 முதல் 2023 வரையான ஆறு ஆண்டுகளும் உண்மையை எழுதியவர் அதிகமும், குறைத்து எழுதியவர் குறைவுமாகக் கட்டும்படி அந்த அமைப்பு இருந்தது. 2023ஆம் ஆண்டு மதிப்பு உயர்வும் சரியான வழியில் வரவில்லை. உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் சுற்றறிக்கை மூலமே அதைச் செய்தது செல்லாது என்று 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு வரைவு மதிப்புகள் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டு 2024 ஜூலை 1 முதல் புதிய மதிப்புகள் நடைமுறைக்கு வந்தன. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கும் ஒருவர் எந்த ஆண்டில் வாங்கினார் என்பதைப் பொறுத்துப் பல பத்தாயிரங்கள் கூடவோ குறையவோ கட்ட நேர்ந்திருக்கிறது. அதற்கு அவருடைய வருமானமோ வீட்டின் தரமோ காரணமில்லை.

எந்த ஆண்டு என்பதைவிட எந்த வகை வீடு என்பதில் வேறுபாடு இன்னும் பெரிது. 2023 டிசம்பர் 1 முதல் புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு, நிலத்தின் பிரிக்கப்படாத பாகத்தையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பு என்ற முறை வந்தது. முதல் விற்பனையில் 50 லட்சம் ரூபாய் வரையான வீட்டுக்கு 4 சதவீதத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம், ஆக 6 சதவீதம். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். அதற்கு மேல்தான் 9. இந்தச் சலுகையால் பயனடையும் அடுக்குமாடிகள் பெரும்பாலும் எங்கே இருக்கின்றன? சென்னையிலும் அதன் புறநகரிலும் கோயம்புத்தூரிலும். திண்டுக்கல்லில் மக்கள் வாங்குவது பெரும்பாலும் மனை. அல்லது சிறு கட்டுமானக்காரர் இரண்டு மூன்று சென்டில் கட்டி விற்கும் தனி வீடு. அல்லது நாகல்நகர், என்.ஜி.ஓ. காலனி போன்ற பழைய குடியிருப்புகளில் கைமாறும் வீடு. இவை அனைத்துக்கும் 9 சதவீதம். 40 லட்சம் ரூபாய்க்குச் சென்னைப் புறநகரில் புதிய அடுக்குமாடி வீடு வாங்குகிறவர் பதிவுக்குச் செலுத்துவது 2 லட்சத்து 40 ஆயிரம். அதே 40 லட்சத்துக்குத் திண்டுக்கல்லில் புதிய தனி வீடு வாங்குகிறவர் செலுத்துவது 3 லட்சத்து 60 ஆயிரம். அதே விலைக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் திண்டுக்கல்காரர் ஏன் கட்ட வேண்டும்?

இதற்குச் சொல்லப்படும் பதில்களில் இரண்டு கவனிக்கத் தக்கவை. அடுக்குமாடி வாங்குகிறவர் ஜிஎஸ்டியும் கட்டுகிறாரே என்பது ஒன்று. கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு 2019 ஏப்ரல் முதல் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு; 45 லட்சத்துக்கு உட்பட்ட, பரப்பளவு வரம்புக்குள் வரும் வீட்டுக்கு 1 சதவீதம்தான். பணி நிறைவுச் சான்று கிடைத்த பின் வாங்கினால் அதுவும் இல்லை. ஆகவே 5 சதவீதம் கட்டுகிற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அது ஒன்றிய அரசும் மாநிலமும் பகிரும் வேறொரு வரி என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டாவது பதில் இன்னும் வலுவானது. முன்பு அடுக்குமாடிகளில் பிரிக்கப்படாத பாகம் மட்டுமே கிரயப் பத்திரத்தில் வந்தது, கட்டடத்துக்குத் தனியே கட்டுமான ஒப்பந்தம்தான் பதிவானது; முழு மதிப்பையும் பத்திரத்துக்குள் கொண்டுவந்ததற்கு ஈடாகவே விகிதம் குறைக்கப்பட்டது என்பது. காரணம் சரியானது. ஆனால் அதே காரணம் தனி வீட்டுக்கும் பொருந்துமே. காலி மனையாகக் காட்டி, கட்டடத்தை மறைத்துப் பதியும் பழக்கத்தைத் தடுக்கத்தான் சார் பதிவாளர்கள் கள ஆய்வுக்குப் போகிறார்கள். முழு மதிப்பைக் காட்டினால் 6 சதவீதம் என்ற வழி தனி வீட்டுக்கும் திறந்திருந்தால் மறைக்க வேண்டிய தூண்டுதலே பாதி போய்விடும். மனை மட்டும் வாங்கித் தானே வீடு கட்டிக்கொள்கிறவர் கட்டடத்துக்குத் தீர்வை செலுத்துவதில்லை, அதனால் அவருக்கு ஏற்கெனவே லாபம்தானே என்று கேட்கலாம். அவரைப் பொறுத்தவரை அது உண்மை. கட்டிய வீட்டை வாங்குகிறவருக்கு அந்த லாபம் இல்லை; சம்பளக்காரரும் வாடகை வீட்டிலிருந்து மாறுகிறவரும் பெரும்பாலும் இந்த வகைதான்.

குடும்பத்துக்குள் நடக்கும் சொத்து மாற்றத்தோடு ஒப்பிட்டால் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் துலக்கமாகும். குடும்ப உறுப்பினருக்குச் செட்டில்மெண்ட் எழுதும்போது தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் அவற்றுக்கு முறையே 40 ஆயிரமும் 10 ஆயிரமும் உச்சவரம்பு. ஒரு கோடி ரூபாய் வீட்டை மகனுக்கு எழுதிவைக்கும் தந்தைக்குச் செலவு 50 ஆயிரத்தைத் தாண்டாது. 10 லட்சம் ரூபாய் மனையைச் சேமித்து வாங்கும் தறித் தொழிலாளிக்கோ மில் தொழிலாளிக்கோ 90 ஆயிரம். குடும்பச் சொத்துக்குச் சலுகை வேண்டாம் என்பது என் வாதமல்ல. பாகப்பிரிவினை பதிவாகாமல் கிடந்தால் பின்னாளில் வழக்குகள்தான் பெருகும். பதிவு என்பது ஒரு சேவை, அதற்கான கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கலாம் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். சொத்து பத்து லட்சமானாலும் ஒரு கோடியானாலும் சார் பதிவாளர் செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றே. மகாராஷ்டிரத்தில் கிரயத்துக்கே பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதுவும் 30 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகாது. தமிழ்நாட்டிலோ 1, 4, 2 என்று மாறிய அந்தக் கட்டணம் சேவையின் செலவை ஒட்டி மாறவில்லை. வருவாய்த் தேவையை ஒட்டி மாறியது.

இனி, இந்தச் சுமை ஏன் சிறு வருமானக்காரரை அதிகம் அழுத்துகிறது என்பதற்கு வருவோம். விடை வங்கி விதியில் இருக்கிறது. வீட்டின் விலையைக் கணக்கிடும்போது முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் சேர்க்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இல் அறிவுறுத்தியது. 2015இல் 10 லட்சம் ரூபாய் வரையான வீடுகளுக்கு மட்டும் அதைத் தளர்த்தியது. திண்டுக்கல்லில் இன்று 10 லட்சத்துக்குள் கட்டிய வீடு கிடைப்பது அரிது என்பதால் அந்தத் தளர்வு பெரும்பாலோருக்கு உதவாது. கடன் 30 லட்சத்துக்கு மேல் போனால் வீட்டு விலையில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தர முடியாது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 40 லட்சம். வங்கிக் கடன் 32 லட்சம். வாங்குகிறவர் கையிலிருந்து போடவேண்டியது 8 லட்சம். இதற்கு மேல் தீர்வையும் பதிவுக் கட்டணமும் 3 லட்சத்து 60 ஆயிரம். தரகு 1 சதவீதம் என்றாலே 40 ஆயிரம். பத்திரத்தை வங்கியில் ஒப்படைப்பதைப் பதிவு செய்ய, கடன் தொகையில் அரை சதவீதத் தீர்வை என்று 16 ஆயிரம். பரிசீலனைக் கட்டணம் அரை சதவீதம் என்று வைத்தால் அதற்கும் 16 ஆயிரம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சட்டக் கருத்துரை, பொறியாளரின் மதிப்பீடு, பத்திரம் எழுதும் கூலி, பெயர் மாற்றங்கள் எல்லாம் சேர்ந்தால் மொத்தம் ஏறத்தாழ நாலரை லட்சம். வீட்டு விலையில் இது 11 சதவீதம்தான். ஆனால் 8 லட்சம் சேர்த்து வைத்தவர் 12 லட்சத்து 50 ஆயிரம் வைத்திருக்க வேண்டும். கைப்பணத்தில் பாதிக்கும் மேல் கூடிவிடுகிறது. வசதியுள்ளவருக்கு இது ஒரு முறைச் செலவு. இல்லாதவருக்கு நகைக்கடன், ஏலச்சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுப்பது, கந்து வட்டி. வீட்டுக் கடனின் வட்டியைவிட அதிக வட்டியில் அவர் பத்திரச் செலவைக் கட்டுகிறார். வருமான வரியில் விலக்கு உண்டு என்பார்கள். பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும், வைப்பு நிதி, காப்பீடு எல்லாவற்றோடும் சேர்த்து 1 லட்சத்து 50 ஆயிரம் என்ற ஒரே வரம்புக்குள் அது வருகிறது. புதிய முறையில் அதுவும் இல்லை.

தனியார் கைக்குப் போகும் செலவுகளைப் பற்றி ஓரளவு விரிவாகச் சொல்லலாம், ஏனென்றால் இங்கே வாங்குகிறவர் தவறான இடத்தில் மிச்சம் பிடிக்கிறார். தரகு ஊர் வழக்கப்படி இரு தரப்பிலும் வாங்கப்படுகிறது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே தரகருக்குக் கொடுக்கும்போது அவர் யாருக்காகப் பேசுகிறார் என்பது தெளிவில்லை. ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி, அந்தச் சட்டத்தில் பதிவு பெற வேண்டிய திட்டங்களை விற்றுக்கொடுக்கும் முகவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பத்திர எழுத்தர்களுக்குத் தமிழ்நாட்டில் 1982 முதல் உரிமம் தரும் விதிகள் உண்டு. ஆனாலும் வேலைக்கு ஏற்றபடி வாங்காமல் சொத்தின் மதிப்புக்கு ஏற்றபடி தொகை கேட்பது பழக்கமாகிவிட்டது. அந்தத் தொகைக்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டியது என்று ஒரு பகுதி சொல்லாமலே அடங்கியிருப்பதும் உண்டு. லஞ்ச ஒழிப்புத் துறையினர் மாநிலமெங்கும் சார் பதிவாளர் அலுவலகங்களில் சோதனை நடத்திக் கணக்கில் வராத பணத்தைக் கைப்பற்றும் செய்திகள், குறிப்பாகத் தீபாவளியை ஒட்டி, ஆண்டுதோறும் வருகின்றன. கட்டணம் முழுவதும் இணையவழியில் செலுத்தும் காலத்திலும் அந்தப் பகுதிக்கு ரசீது கிடையாது. இது செலவே இல்லை, குற்றம். கொடுக்க மறுப்பவருக்குத் துறை துணை நிற்க வேண்டும்.

இதற்கு மாறாக, கட்டாயம் கொடுக்க வேண்டிய இரண்டு செலவுகளைத்தான் மக்கள் தவிர்க்கிறார்கள். ஒன்று, கிரய ஒப்பந்தப் பதிவு. 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தமும் கட்டாயப் பதிவுக்கு உரியது. பதிவுக் கட்டணம் முன்பணத்தில் 1 சதவீதம். ஐந்து லட்சம் அட்வான்ஸுக்கு 5 ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று வெறும் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறவர், விற்பவர் பின்வாங்கினாலோ வேறொருவருக்கு விற்றாலோ அந்த ஐந்து லட்சத்தையே வழக்கில் தேட வேண்டியிருக்கும். மற்றது, சுதந்திரமான ஒரு வக்கீலின் கருத்துரை. வில்லங்கச் சான்றை இன்று வீட்டிலிருந்தே இணையத்தில் பார்த்துவிடலாம். ஆனால் வில்லங்கம் பதிவானதை மட்டுமே காட்டும். பதியாத உயில், வாய்மொழிப் பாகம், கையெழுத்துப் போடாத சகோதரியின் பங்கு, அது பஞ்சமி நிலமா, கோயில் நிலமா, நீர்நிலைப் புறம்போக்கா என்பதெல்லாம் தாய்ப்பத்திரத்திலிருந்து படித்துவந்தால்தான் தெரியும். திண்டுக்கல் சமவெளியில் பல மனைகள் சில பத்தாண்டுகளுக்கு முன் மானாவாரிக் காடாக இருந்தவை; ஒரு சர்வே எண்ணில் பல வாரிசுகள். நெடுஞ்சாலையை ஒட்டிப் போட்ட மனைப்பிரிவுகளில் இன்னொரு பொறியும் உண்டு. 2016 அக்டோபர் 20க்குப் பின் அங்கீகாரமில்லாத புதிய மனையைப் பதிய முடியாது. அதற்கு முன் போட்டவற்றை 2017ஆம் ஆண்டின் வரன்முறைத் திட்டத்தில் கட்டணம் கட்டி முறைப்படுத்த வேண்டும். மலிவாகக் கிடைத்த மனையின் வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் பின்னர் வாங்கியவர் தலையில் வந்து விழும். கட்டாவிட்டால் கட்டட அனுமதி கிடைக்காது. ஒரு சிறு குறிப்பு: தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலத்தடி நீர் கெட்டுப்போன பகுதிகள் இந்த ஊரைச் சுற்றி உண்டு. ஆழ்துளைக் கிணற்றுக்கும் குடிநீருக்கும் ஆகும் செலவும் அந்த மனையின் விலையோடு சேர்ந்ததுதான்.

விகிதத்தைக் குறைத்தாலும் மக்கள் விலையைக் குறைத்துத்தான் எழுதுவார்கள், அரசுக்கு நட்டமே மிஞ்சும் என்ற எதிர்வாதம் நெடுநாளாக உள்ளது. வழிகாட்டி மதிப்புக்குக் காசோலை, மீதிக்கு ரொக்கம் என்ற ஏற்பாடு இன்றும் நடக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதனால் யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும். 40 லட்சம் விலையை 25 லட்சம் என்று எழுதினால் வாங்குகிறவருக்குப் பதிவில் 1 லட்சத்து 35 ஆயிரம் மிச்சம். அதே காரணத்தால் வங்கி 25 லட்சத்தின் மீதுதான் கடன் தரும். மீதி 15 லட்சத்தையும் அவர் ரொக்கமாகத் திரட்ட வேண்டும். நாளை விற்கும்போது வாங்கிய விலை 25 லட்சம் என்றே கணக்காகி மூலதன ஆதாய வரி கூடும். சொத்துக்காக 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி அபராதத்துக்கு உரியது. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கைமாறியது பதிவுக்கு வரும் ஆவணத்திலிருந்து தெரிந்தால் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. ஆக, குறைத்து எழுதுவதால் முழு லாபம் பெறுகிறவர் விற்பவர். வாங்குகிறவர் பெறுவது அரை லாபம், அதுவும் ஆபத்தோடு. கடனில் வாங்குகிறவருக்கு உண்மை விலையை எழுதுவதே இயல்பான நலன். 9 சதவீதம்தான் அவரை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. 2005இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம் முத்திரைத் தீர்வையை 5 சதவீதத்துக்கு மிகாமல் வைக்கும்படி மாநிலங்களைக் கேட்டது. 2024 ஜூலை ஒன்றிய நிதிநிலை அறிக்கையும் அதிக விகிதமுள்ள மாநிலங்கள் குறைக்க வேண்டும், பெண்கள் வாங்கும் சொத்துக்கு இன்னும் குறைக்க வேண்டும் என்றது.

அரசின் வருவாய்த் தேவை உண்மையானது. பதிவுத் துறை ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் ஈட்டித் தருகிறது; மருத்துவமனையும் பள்ளியும் அதிலிருந்துதான் நடக்கின்றன. கேரளத்தில் 8 சதவீதத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமுமாக 10 சதவீதம் என்பதையும் எடுத்துக்காட்டலாம். மாற்று வரி 2 சதவீதத்தை நானும் குறைக்கச் சொல்ல மாட்டேன். புறநகர் ஊராட்சிகளில் புதிய மனைப்பிரிவுக்குச் சாலையும் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் போடுவது அந்த உள்ளாட்சிதான். வாங்கியவர் கொடுத்தது அவர் தெருவுக்கே திரும்புகிறது. வருவாயை இழக்காமல் சுமையை மாற்றி வைக்க வழி இருக்கிறது என்பதே என் வாதம். 3 கோடிக்கு மேற்பட்ட அடுக்குமாடிக்கு 9 சதவீதம், 50 லட்சத்துக்குக் கீழே 6 என்று படிகள் வைத்த அரசு, அந்தப் படிகளை எல்லா வீட்டுக்கும் பொதுவாக்க முடியாததற்குக் கொள்கைக் காரணம் எதுவும் தெரியவில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் வரையான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. நல்ல தொடக்கம்தான். ஆனால் அதிகபட்ச மிச்சம் 10 ஆயிரம் ரூபாய். சொத்தின் மதிப்பு பத்து லட்சத்தைச் சற்றே தாண்டினாலும் அதுவும் போய்விடும். வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கத்து ஊராட்சி மனைகளுக்கு அது உதவும். திண்டுக்கல் நகரில் ஒரு வீட்டுக்கு உதவாது.

விகிதம் மாறுவதற்கு முன்பே செய்யக் கூடிய ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2015 அக்டோபர் முதல், வீட்டுக் கடன் வாங்குகிறவருக்கு எல்லாச் செலவுகளையும் வரிவரியாகக் காட்டும் ஒரே படிவத்தைக் கிரயம் முடிவதற்கு மூன்று வேலைநாள் முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். வரி, பதிவு, வக்கீல், காப்பீடு, தரகு எல்லாம் அதில் இருக்கும். நம் நாட்டிலும் இது முடியாத காரியமில்லை. 2024 அக்டோபர் 1 முதல் புதிய கடன்களுக்கு எல்லாக் கட்டணத்தையும் சேர்த்துக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தரும்படி ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் வங்கியின் செலவு வந்துவிட்டது; பத்திரச் செலவு வரவில்லை. வழிகாட்டி மதிப்பு பதிவுத் துறையின் இணையதளத்தில் இருக்கிறது. தீர்வையைக் கணக்கிடவும் முடிகிறது. எல்லாரும் விசாரித்துத்தானே வாங்குகிறார்கள், இதற்கு ஒரு படிவம் எதற்கு என்று கேட்கலாம். தரகர் தரகை மட்டும் சொல்கிறார், வங்கி தன் கட்டணத்தை மட்டும் சொல்கிறது, எழுத்தர் பதிவுக்கு முந்தைய நாள்தான் தொகையைச் சொல்கிறார். எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லும் பொறுப்பு யாருக்கும் இல்லை. மொத்தம் தெரியும்போது அட்வான்ஸ் போய்விட்டிருக்கும், பின்வாங்கினால் அதுவும் இல்லை.

ஆகவே அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று: 50 லட்சம் ரூபாய் வரையான தனி வீட்டுக்கும் அடுக்குமாடிக்குள்ள 6 சதவீதம், கிரயத்துக்கும் பதிவுக் கட்டண உச்சவரம்பு, கிரய ஒப்பந்தப் பதிவோடு இணைக்க வேண்டிய மொத்தச் செலவுப் படிவம். இவை வரும்வரை, திண்டுக்கல்லில் வீடு பார்க்கிற ஒவ்வொருவரும் முன்பணம் கொடுக்கும் முன் ஒரு தாளில் விலை, வழிகாட்டி மதிப்பு, தீர்வை, மாற்று வரி, பதிவுக் கட்டணம், தரகு, எழுத்துக் கூலி, வங்கிச் செலவு, வரன்முறை பாக்கி, சொத்து வரி பாக்கி ஆகிய அனைத்தையும் எழுதி, விற்பவரையும் தரகரையும் அதில் கையெழுத்திடச் சொல்லுங்கள். போட மறுத்தால் அட்வான்ஸைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.